கட்டிடு

"யோவ், முளையப் பாத்தியா? பூன மீச மாதிரி வந்துகீது."

செவ்வந்தி ஈரச் சாக்கைப் பிரித்து ஒரு கை நெல்லை அள்ளி நீட்டினாள். ஊறவைத்து, மேலே வைக்கோலைப் போட்டு, சூட்டில் வைத்திருந்த குண்டு நெல். ஒவ்வொன்றின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முளை. இருசப்பன் குனிந்து பார்த்தான்.

"போன தபாகூட இப்டித்தான் வந்துச்சு."

"வாய வெச்சிக்கினு சும்மா இரு."

புருஷனும் பெண்டாட்டியும் அதுவரை ஊரார் கழனிகளில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். இந்தச் சித்திரையில்தான் முதல் தடவையாக ராஜாராமின் கழனியை வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. கொடுக்கும்போதே ராஜாராம் சொல்லிவிட்டார்.

"பாரும்மா செவ்வந்தி, சவுக்கு வெச்சிடு நைனா, ஒரு பேஜாரும் இல்லன்னு என் பொண்ணு டெய்லி போன்ல சொல்லிக்கினு கீறா. நீ கேட்டன்னுதான் ஒரு போகம் வுட்றன். வைகாசி அமாவாசைக்கு நான் வந்து பாக்குறப்ப நாத்து பச்சையா நிக்கணும். நிக்கலன்னா சவுக்குதான். அப்பறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"நிக்கும் நைனா."

"மானத்த நம்பியா சொல்ற?"

"என் கைய நம்பி சொல்றன்."

முதல் விதைப்பு சித்திரை நடுவில் நடந்தது. தெளித்து முடித்ததும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மாதத்தில் வரக்கூடாத மேகம். வெறும் சேற்றின்மேல் மழை அடித்தால் விதை தெறித்து ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால் தண்ணீரைக் கட்டி நிறுத்துவது வழக்கம். துளி தண்ணீரில் விழும், விதை கீழே அசையாமல் கிடக்கும். அவர்களும் பக்கத்துக் கழனி வேதகிரியின் மோட்டாரைப் போடச் சொல்லி, நாற்றங்கால் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினார்கள். மழை ஓரிக்கைப் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு பொட்டுகூட விழவில்லை. மேகம் மட்டும் நின்றது. இன்று வரும், இதோ வரும் என்று தண்ணீரை வடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் உச்சியில் மேகம் கலைந்து வெயில் அடித்த அடியில், கஞ்சி வடித்த தண்ணீர்போல நாற்றங்கால் சுட்டது. முளை வெந்து போயிற்று.

வேதகிரி வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னா இருசப்பா, நாத்து வுட்டியா, பொங்கல் வெச்சியா?"

"ஏன், ஒனக்கு ஒரு கரண்டி வோணுமா?" என்றாள் செவ்வந்தி. அப்போது மூன்று பேருமே சிரித்தார்கள். வீட்டில் இன்னொரு தடவைக்கு விதை இருந்தது.

அதைத்தான் இப்போது தெளித்தார்கள். இதோடு விதையும் இல்லை, நாளும் இல்லை.

மறுநாள் காலையில், விதை படிவதற்காக விட்டிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, செவ்வந்தி பக்கத்து ஊரான மாகறலுக்குக் கூலி நடவுக்குப் போனாள். போகும்போது வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. இருசப்பன் கழனியிலேயே இருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. செவ்வந்தி கைச்சேற்றைப் புடவையில் துடைத்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து போனை எடுத்தாள். அதில் சார்ஜ் தீரும் நிலையில் இருந்தது.

"யோவ், எங்க கீற?"

"கயினிலதான். வேதகிரி மோட்டார் ஓடிக்கினு கீது. வெயில் காயுதேன்னு ஒரு ஈரத்துக்கு வுட்டுக்கினு கீறன்."

"இங்க மானம் கறுத்துக்கினு வருது. ஒடனே கட்டிடு."

"கட்டிடவா?"

"ஆமாய்யா, கட்டிடு. பேசிக்கினு நிக்காத."

"செரி, செரி."

போன் அணைந்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள், "இன்னாக்கா, ஒன் கயினிக்கு மள போன் பண்ணிட்டுதா வருது?" என்று கேட்டாள். செவ்வந்தி நிம்மதியாகக் குனிந்து நட ஆரம்பித்தாள்.

அவள் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கழனிக்கே வந்தாள். இருசப்பன் மண்வெட்டியோடு வரப்பில் நின்றான். நாற்றங்கால் வழித்த தட்டுபோலக் கிடந்தது. பள்ளத்து மூலையில், முறத்தில் ஒதுங்கின குருணைபோல விதை குவிந்திருந்தது.

"தண்ணி எங்கய்யா?"

"கட்டிட்டேனே."

"எங்க கட்டின?"

"தோ, மடைய. நல்லா சேத்த வெட்டி வெச்சிக் கட்டினன். ஒரு பொட்டு உள்ள வரல. பேஞ்ச மளயும் நிக்காம போவட்டும்னு தண்ணி வடியிற வாயத் தொறந்து வெச்சன்."

"நான் தண்ணியக் கட்டச் சொன்னன்."

"நீ கட்டிடுன்ன."

"ஆமா."

"போன தபா தண்ணி நின்னுதான வெந்துச்சு? அந்த பயத்துல மடைய கட்டச் சொல்றன்னு நெனச்சன். அதான் கட்டிடவான்னு ஒரு தபா கேட்டன்."

"கேட்ட."

செவ்வந்தி வரப்பில் உட்கார்ந்து காலில் இருந்த மாகறல் சேற்றைக் கழுவினாள்.

வேதகிரி வந்து எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கும் தமாஷ் வரவில்லை. "மூலைல கீறத முறத்தால வாரி எறச்சிப் பாருங்க. ஏதோ ரெண்டு வரும்," என்றார்.

வாரி இறைத்தார்கள். முறத்தில் அள்ளும்போதே முளை ஒடிந்தது. ஒடிந்தது தெரிந்தும் செவ்வந்தி இறைத்துக்கொண்டே போனாள். மூலையில் சேற்றுக்குள் அழுந்தியதை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் இருசப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஏதாச்சும் சொல்லேன்."

"இன்னா சொல்றது?"

"திட்டு. எங்கம்மாவ இஸ்து திட்டு. எப்பவும் திட்டுவியே."

"கொளம்பு ஊத்தவா?"

"செவ்வந்தி, வூட்ல சத்தமே இல்லாம கீது. எனக்கு ஒரு மாதிரி கீது."

"சாப்புடுய்யா."

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வரும் என்று அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது. தொட்டால் தன்னுடையது என்றே தெரியவில்லை.

அமாவாசையன்று ராஜாராம் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். நாற்றங்காலில் இங்கொரு திட்டு, அங்கொரு திட்டாகப் பச்சை. மூலையில் மட்டும் நெருக்கமாக ஒரு கொத்து.

"இன்னாப்பா இது, சொறி புடிச்ச நாய் முதுகாட்டம் கீது?"

இருசப்பன் முந்திக்கொண்டான். "தப்பு என்னுது நைனா. அவ சொன்னது ஒண்ணு, நான் பண்ணது ஒண்ணு. இன்னும் ஒரு தபா வுட்டுப் பாத்தா..."

"வெரநெல்லு கீதா?"

இருசப்பன் செவ்வந்தியைப் பார்த்தான்.

"இல்ல நைனா," என்றாள் அவள்.

ராஜாராம் செருப்பால் வரப்பைத் தட்டினார். "நான் கெட்டவன் இல்லம்மா. இந்த வருஷம் எவனுக்கு ஒழுங்கா வந்துச்சு? கத்திரி வெயில்ல மள பேஞ்சா எவன் இன்னா பண்ணுவான்? ஆனா கயினிய சும்மா போட முடியாது. சவுக்குக் கன்னுக்குச் சொல்லிட்டன். வர புதன்கெழம எறங்குது. நட ஆள் வேணும். வெளியாள எதுக்குக் கூப்புடணும், நீங்களே வந்துடுங்களேன்."

இருசப்பன் வாயைத் திறப்பதற்குள் செவ்வந்தி, "வரோம் நைனா," என்றாள்.

புதன்கிழமை காலை சவுக்குக் கன்று வந்து இறங்கியது. வரிசைக்காகக் கட்டிய கயிற்றை ஒட்டி இருசப்பன் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டே முன்னால் போனான். செவ்வந்தி பின்னால் வந்து குழிக்கு ஒரு கன்றாக வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தாள். வெயில் இருந்தது. கொஞ்ச நேரம் தூறியது. மறுபடி வெயில் வந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பள்ளத்து மூலைக்கு வந்ததும் இருசப்பன் நின்றான்.

"செவ்வந்தி, இங்க நாத்து நிக்குது. நல்லாத்தான் கீது."

"குழி எங்க வருது?"

"கயிறுப்படி பாத்தா அது மேலதான். கொஞ்சம் தள்ளிப் போடவா?"

"வரிச கோணிக்கும். நைனா கேப்பாரு. அங்கயே போடு."

அவன் போட்டான். பச்சையும் சேறுமாகப் பெயர்ந்து வந்தது. அவள் கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, மிதித்தாள்.

"உம்," என்றாள். "அடுத்தது."