பூசணப் புண்ணாக்கும் ஒரு பதிவேடும்

தணிக்கை அதிகாரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்த வைத்தீஸ்வரன், ஓய்வுபெற்றதும் பெருங்களத்தூரில் நான்கு மாடுகள் வாங்கினார். கண்ணாடி பாட்டிலில் 'தூய பால்' என்று ஒட்டி, எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பத்தெட்டு வீடுகளுக்குக் கொடுத்துவந்தார். மாடுகள் தின்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட்டு, நீல முத்திரை குத்தி, தினமும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வெளிப்படைத்தன்மை என்பார். கும்பிடும் கைகள் வரிசையாக வரும்.

செவ்வாய்க்கிழமை காலை, பால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் கங்காதரன் வாசலில் வந்து நின்றார்.

"சார், செவலை தீனி துன்னல. கழிஞ்சுகினே கீது. அந்தப் புண்ணாக்குதான். பூசணம் பூத்து கீதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

சொன்னார்தான். கொட்டகை ஒழுகி நனைந்த கடலைப் புண்ணாக்கு அது. மேலே சுரண்டிவிட்டு மொட்டைமாடியில் காயவைத்தால் போதும் என்று வைத்தீஸ்வரன்தான் தீர்ப்பளித்திருந்தார்.

கால்நடை மருத்துவர் நித்யஸ்ரீக்கு போன் போட்டார். பூசண விஷம் காயவைத்தால் போகாது, பாலிலும் இறங்கும், பாலைக் காய்ச்சினாலும் அழியாது என்றார் அவர். தெரிந்தே விற்றால் வழக்கு, ஜெயில் வரைக்கும் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குழந்தைங்க குடிக்கிறாங்களா சார்?" என்று கேட்டார்.

வைத்தீஸ்வரன் போனை வைத்துவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தார். அந்தப் புண்ணாக்கைப் போட்ட நான்கு நாட்களும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வரி: 'பூசணம் பிடித்த புண்ணாக்கு, சுரண்டி உலர்த்தியது, எட்டு கிலோ.' கீழே கையொப்பம், முத்திரை. பக்கத்தைப் பிடித்துக் கிழிக்கப் போனார்.

மனைவி அபிதகுஜாம்பாள் போனை நீட்டினார். "கிழிச்சு என்ன பண்றது? நாலு நாளும் குரூப்ல போட்டிருக்கீங்க. நாப்பத்தோரு பேர் கும்பிட்டிருக்காங்க. மூணாவது மாடி ப்ரியாவும்தான். அவ குழந்தை நம்ம பாலைத் தவிர வேற எதையும் தொடாதுங்க."

வைத்தீஸ்வரன் குழுவில் தட்டினார்: 'மதிப்பிற்குரிய நுகர்வோர் கவனத்திற்கு. தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால், இன்றைய பாலின் பயன்பாடு மறுபரிசீலனைக்கு உட்பட்டுள்ளது.' பூசணம் என்ற சொல்லை எழுத விரல் வரவில்லை.

அரை நிமிடத்தில் கும்பிடும் கைகள் வந்தன. முதல் கை ப்ரியாவுடையது.

இத்தனை நாளும் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். லிப்ட் வரவில்லை. படியேறும்போது நெஞ்சு அடைத்தது. நெஞ்சுவலியாக இருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது.

கதவைத் திறந்த ப்ரியாவின் இடுப்பில் குழந்தை. அதன் கையில் பாதி காலியான பால் பாட்டில்.

"வாங்க அங்கிள். மெசேஜ் பார்த்தேன், சூப்பர்."

அவர் குழந்தையின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். அது வீறிட்டது.

"பூசணம் புடிச்ச தீவனம்மா. நாலு நாளா. தெரிஞ்சேதான் போட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடு."

ப்ரியாவின் சிரிப்பு போக நேரமாயிற்று. போனை எடுத்து, பதிவேட்டுப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, முதன்முறையாகப் படித்தாள். அவள் நிமிர்வதற்குள் வைத்தீஸ்வரன் எதிர்வீட்டு மணியை அழுத்தியிருந்தார். இன்னும் முப்பத்தேழு கதவுகள் இருந்தன.