முப்பத்திரண்டு 'இல்லை'

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. போவதற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதை அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

ஊசிக்கு முன்னால் உடல்நலப் படிவம். முப்பத்திரண்டு கேள்விகள். அப்பா ஒன்றையும் வாசிக்காமல் முப்பத்திரண்டுக்கும் 'இல்லை' போட்டார். எந்த அலுவலகம் என்ன கேட்டாலும் எங்கள் வீட்டுப் பதில் அதுதான். ஆமாம் என்றால் அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய முப்பதாண்டு அனுபவம்.

நர்ஸ் படிவத்தைப் புரட்டினார்.

"நல்ல உடல்நலத்தோட இருக்கீங்களான்னு கேட்டதுக்கும் இல்லைன்னு இருக்கே. நடந்துதானே வந்தீங்க?"

"கை தவறிடுச்சும்மா," என்றார் அப்பா. "பையன் கல்லு மாதிரி."

கல்லுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மூன்று வயதில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு தின்று, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு இழுக்க, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். எங்கள் வீடு சைவமானதே அன்றைக்குத்தான். இந்த ஊசி மருந்தை முட்டையில் வளர்க்கிறார்களாம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லவும் என்று எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தது. அப்பாவும் அதை வாசித்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"முட்டை ஒத்துக்குமா தம்பி?"

"நாங்க சைவம்மா," என்றார் அப்பா.

பொய் இல்லை. பதிலும் இல்லை.

பஞ்சு கையில் சில்லென்று பட்டது. சொன்னால் இடம் போகும். சொல்லாவிட்டால் நானே போவேன். யோசிக்க இருந்த அவகாசம், ஊசிக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை.

"சிஸ்டர், எனக்கு முட்டை ஆகாது. மூச்சு அடைச்சுக்கும்."

ஊசி அப்படியே நின்றது. நர்ஸ் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஊசி கிடையாது," என்றார் டாக்டர். "ஏன் போடலைன்னு ஒரு கடிதம் தரேன். அவங்க ஏத்துக்கிட்டா போகலாம்."

"ஏத்துக்கலைன்னா?"

"நாட்டுக்கு நாடு வேற தம்பி. அனுப்பிட்டுக் காத்திருங்க."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா படியிறங்கினார். கீழே வந்ததும் அம்மாவிடமிருந்து அவருக்கு ஃபோன்.

"போடலை... ஆமா, அந்த முட்டைதான். கைக்கிட்டயே கொண்டுவந்துட்டாங்க. நல்லவேளை, நான் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் ஃபோன் காதில் நிற்கவில்லை. வாங்கி, அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.