ஒரே வெட்டுள்ள இரண்டு ஆந்தைகள்

என் கொழுந்தன் எதையாவது வாங்கிவிட்டால், தம்பட்டம் அடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றும் செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் செயற்கைப் பல் செய்யும் அறைக்குள் நுழைந்து, மெழுகும் அச்சு மாவும் சிந்திக் கிடந்த மேசையில் ஒரு பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

“பாத்துக்கோங்க அண்ணி. இனிமே நீங்க மட்டும் பெரிய ஆளு இல்ல.”

பழங்காலக் கிரேக்க வெள்ளிக் காசு. ஒரு பக்கம் தேவதையின் முகம், மறுபக்கம் ஆந்தை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஏழு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இவன் இதை வாங்கிய அதே பழங்காசுக் கடையில் வாங்கியது.

ஆந்தைப் பக்கத்தைத் திருப்பினேன். ஆந்தையின் ஒரு கால் விளிம்பில் பாதியோடு நின்றுபோயிருந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டு. வாலுக்குக் கீழே பொடிக் குமிழ் ஒன்று. என் காசிலும் இதே மூன்றும், இதே இடத்தில்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசையும் சுத்தியலால் அடித்தே செய்தார்கள். இரண்டு காசில் படம் ஒன்றாக இருக்கலாம், ஓரத்து வெட்டு ஒன்றாக இருக்காது. இருந்தால், இரண்டுமே நேற்று யாரோ உருக்கி ஊற்றியவை. நாள் முழுக்கப் பல்லுக்கு உலோகம் ஊற்றுகிறவள் நான், உருக்கி ஊற்றினால்தான் குமிழ் வரும் என்று எனக்குத் தெரியாதா? என் காசை வாங்கும்போது ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

“இது போலி, தம்பி.”

அவன் முகம் சுண்டிப்போனது. “உங்களுக்கு வயித்தெரிச்சல். நாளைக்கு அதே கடையில தங்கக் காசு வாங்கப் போறேன். வேன விக்க ஆள்கூடப் பாத்தாச்சு. அதையும் போலின்னுதான் சொல்வீங்க.”

சரக்கு ஏற்றும் அந்த வேன்தான் அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறது. வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டான். என் ஒரே சாட்சி பீரோவில் இருந்தது. எடுக்காவிட்டால் என் காசு நான் சாகும்வரை அசலாகவே இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் அவன் பார்த்ததெல்லாம் தேவதையின் முகம் மட்டும்தான். இருந்தும் எழுந்து போனேன்.

சட்டத்தைக் கழற்றி, என் ஆந்தையை அவன் காசுக்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அவன் கையில் திணித்தேன்.

கால், வெட்டு, குமிழ். மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“காட்டாம இருந்திருக்கலாமே அண்ணி. உங்களுது போலின்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“எனக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டையும் பையில போடு. அந்தக் கடைக்காரன் சாத்தறதுக்குள்ள போய் அவன உலுக்கணும். நீ வேன எடு.”