கங்கம்மா அடைத்த துளை

அறுபத்து நான்காம் வருஷம் ஏர் பிளாஸ்ட் அடித்துத் தங்கச்சுரங்கத்துப் பாதாளத்தில் பாறை வெடித்தபோது, என் வீட்டுக்காரர் ஏனோக் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மண்மூடிக் கிடந்தார். உயிரோடுதான் எடுத்தார்கள். மேலே வந்தவர் அப்புறம் ஆளைக் கீழே இறக்குகிற கேஜ் பக்கமே திரும்பவில்லை. வேலை இல்லையென்றால் மைசூர் மைன்ஸில் கம்பெனி கொடுத்த லைன் வீடும் இல்லை. திங்கட்கிழமை மத்தியான ஷிஃப்ட்டுக்கு வராவிட்டால் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நானும் சும்மா இருக்கிறவளா? போங்க, போங்க என்று காது புளிக்கப் பேசினேன். அந்த மனுஷனோ கொல்லையில் குத்துக்காலிட்டு ஏதோ பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் திட்டப் போனவள் நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அது தேனீதான். ஆனால் கூட்டமும் கிடையாது, ராணியும் கிடையாது, தன்னந்தனி. கறுத்த வயிற்றில் வரிவரியாய் நீலம், அப்படி ஒரு நீலத்தை நான் ஆண்டர்சன்பேட்டை ஜவுளிக்கடையிலும் பார்த்ததில்லை. கடப்பாரைக்கே மசியாத மண்ணைத் தாடையால் கடித்துக் கடித்து, காலால் பின்னுக்குத் தள்ளி, சுரங்கத்து ஷாஃப்ட் மாதிரி நேராய் ஒரு துளை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மழைக்குச் சரிந்த மண்ணில் பிளந்து கிடந்த ஓர் அறையை ஏனோக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். தண்ணீர் ஊறாதபடி உள்சுவர் முழுக்க மெழுகு மாதிரி ஏதோ பூசியிருந்தது. தன் உடம்பிலிருந்தே எடுத்துப் பூசுகிறாளாம். தக்காளிப்பூவை உலுக்கிச் சேர்த்த மகரந்தத்தைத் தேனில் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. அறையை மண்ணால் மூடிவிட்டு அடுத்ததைத் தோண்டுவாளாம். பிள்ளை வெளியே வரும்போது தாய் இருக்கமாட்டாள். இதையெல்லாம் இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கர்த்தரே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னதாய் இன்னொரு ஏர் பிளாஸ்ட். அலமாரிப் பாத்திரமெல்லாம் உருண்டது. தரை அதிர்ந்தால் லைன் பெண்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, விரிசல் கண்ட இடத்தில் களிமண் அப்புவது வழக்கம். பக்கத்து வீட்டுக் கங்கம்மா எங்களுக்கும் சேர்த்து அப்பிவிட்டாள், பாவம், நல்ல மனசு. கொல்லையில் அந்தத் தேனீயின் துளையையும் விரிசல் என்று நினைத்து அடைத்துவிட்டாள்.

ஏனோக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். "உள்ளதான் கீறா," என்றார். கத்தியைப் போட்டால் ஷாஃப்ட் இடிந்து அவள்மேல் விழும் என்று கையைக் கட்டிக்கொண்டார். ஒரு குளவிக்கா இந்தப் பாடு என்று கங்கம்மா மலைத்துப்போனாள். பொழுது சாய்ந்தது. களிமண் வெயிலில் இறுகிப்போயிருந்தது. அவர் சோற்றைத் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

கெடு வைத்த திங்கட்கிழமையும் வந்தது; வெயில் ஏறியபிறகு களிமண்ணில் ஒரு பொடி உதிர்ந்தது. இன்னொன்று உதிர்ந்தது. அப்புறம் ஒரு முகம் தெரிந்தது. அவள் வெளியே வந்து மீசையை வழித்துவிட்டுக்கொண்டு பறந்துபோனாள். ஏனோக் பிள்ளையைப்போல் அழுதார். கதை முடிந்தது, இனி இந்தத் திசைக்கே வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். காலெல்லாம் மகரந்தம். துளைக்கு மேலே ஒரு வட்டம் போட்டாள், நேரே உள்ளே இறங்கிவிட்டாள்.

ஏனோக் எழுந்து முகம் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த சுரங்கத் தொப்பியை எடுத்தார். இதற்குத்தானே இத்தனை நாள் அவரைப் பிடுங்கி எடுத்தேன்? ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டேன்.

"போவாதீங்க. வூடு போனா போவுது."

"அவ எறங்கனத பாத்தியா, தங்கம்மா? எனக்குப் பயம் வுட்டுப்போச்சு."

"எனக்கு இப்பதாங்க வந்துக்குது," என்றேன்.

ஷிஃப்ட் சங்கு ஊதியது. நிலைப்படியிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துவிட்டு அவர் போனார்.