துரை சாப்பிடவில்லை

துரை சாப்பிடாமல் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. முதல் வாரத்தில் இரண்டு தடவை தண்ணீரை மட்டும் நக்கியது. அதோடு சரி.

துரை மனிதர் இல்லை. டெகு என்று ஒரு பெரிய பல்லி வகையின் குட்டி. பார்வைக்கு உடும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. வளர்ந்தால் கூடவே சுற்றும், மடியில் ஏறிப் படுக்கும் என்று மகள் ஒரு வருடமாக நச்சரித்து, கணக்கில் எண்பது மார்க் எடுத்துக் காட்டி, வாங்க வைத்தது. வந்தபோது ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது. தலை மட்டும் தளிர்ப் பச்சை. பெட்டிக்குள் விட்டதும் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்ணைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அந்த மிதப்பைப் பார்த்துத்தான் மகள் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

அவளுடைய அப்பாவுக்கு இதை வளர்த்துவிடலாம் என்பதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக். சூடும் குளிரும் அவர் சொன்னபடி கேட்கும். இந்தப் பிராணிக்கு வேண்டியது சூடு என்றதும் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைக்காரர் கொடுத்த பல்பு ஸ்டாண்டைத் தூக்கி மூலையில் போட்டார். கண்ணாடிப் பெட்டியின் மூடியில் தானே பல்பு பொருத்தி, நடுவில் அந்தரத்தில் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டார். உள்ளே முப்பத்திரண்டு டிகிரி வந்தால் பல்பு தானாக அணையும், குறைந்தால் தானாக எரியும். பல்புக்கு நேர் கீழே துரை படுத்து வெயில் காய ஒரு தட்டைக் கல். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒருவர் விடாமல் இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது.

துரை மட்டும் அசையவில்லை.

அவித்த முட்டையை வைத்தார். தொடவில்லை. முட்டையை மசித்து வைத்தார். அதன் மேலேயே நடந்து போனது. மீன் துண்டு, கொத்துக்கறி, உயிரோடு வெட்டுக்கிளி, தோலுரித்த திராட்சை என்று ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினார். நாக்கை ஒரு தடவை வெளியே நீட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வெட்டுக்கிளி ஒன்று தப்பித்து அலமாரிக்குப் பின்னால் போய், மூன்று நாளாக அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லை என்று சமையலறையில் புலம்பினார். மனைவி, "அதுவும் உண்மைதான்" என்றாள்.

மகள் முதல் மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள். ஆசைப்பட்டது அவள், மாரடிக்கிறது நானா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "சூடெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று அவர் ஆரம்பித்ததுமே மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

"யார்கிட்டப்பா கேக்கற? நான் ஏசி மெக்கானிக்."

விலங்கு டாக்டரம்மாவிடம் போனார். அவர் துரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோய் எதுவும் தெரியவில்லை என்றார். "அது வெயில் காயற இடத்துல எவ்வளவு சூடு இருக்கு?"

"முப்பத்திரண்டு. பெட்டிக்குள்ள எங்க மீட்டர் வச்சாலும் முப்பத்திரண்டுதான் டாக்டர்."

"அது இல்லைங்க, அந்த இடத்துல..."

"அரை டிகிரி ஏறாது, இறங்காது. அதுக்கு நான் கேரண்டி."

டாக்டரம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியே ஏழு பேர் பூனையும் நாயுமாகக் காத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மனைவி பேச்சை எடுத்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், இழுத்தடிப்பது பிடிக்காது.

"இடுப்பெலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு, பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சாப்பிடலைன்னா கடையிலயே கொண்டுபோய் விட்டுடலாம். கடைக்காரரும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. என் கண்ணு முன்னாடி ஒரு உசிரு பட்டினி கெடக்கறதை என்னால பாத்துட்டிருக்க முடியாது."

"இன்னும் என்னதான் பண்ணச் சொல்ற என்னை? எல்லாம் கரெக்டா இருக்கு. அதுக்குத்தான் கொழுப்பு."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அலுவலகத்தில் வேலை. வரவேற்பில் இருக்கும் பெண்மணி ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்திருந்தார்: குளிர் தாங்கவில்லை. மெக்கானிக் மீட்டரை எடுத்து நீட்டினார். இருபத்து நான்கு.

"பாருங்க மேடம். இதைவிடச் சரியா யாராலயும் வைக்க முடியாது. உங்க உடம்புக்குத்தான் ஏதோ..."

"சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் சீட்ல பத்து நிமிஷம் உக்காருங்க. நான் காபி குடிச்சிட்டு வர்றேன்."

கோபத்தோடுதான் உட்கார்ந்தார். கைகளை மேசை மேல் வைத்தார். இரும்பு மேசை. அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வர்களுக்காக இரவும் பகலும் குளிரூட்டும் அறை. ஐந்து நிமிடத்தில் முழங்கை வரைக்கும் சில்லிட்டது. எட்டாவது நிமிடத்தில் கைகளை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். மீட்டர் எதிரிலேயே இருந்தது. இருபத்து நான்கு.

காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த அம்மா கையை வைத்துக்கொண்டிருந்தது காற்றின் மேல் இல்லையே.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துரை படுப்பது கல்லின் மேல். வயிறு கல்லில் பட்டுச் சூடேறினால்தான் அதற்குப் பசிக்கும், தின்றது செரிக்கும். கல் சூடாவதற்குள் அவருடைய அருமையான சென்சார் காற்றைப் பார்த்துவிட்டுப் பல்பை அணைத்துவிடுகிறது. பன்னிரண்டு நாளாக அந்தக் கல்லில் அவர் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்க்கவில்லை. டாக்டரம்மா கேட்க வந்ததும் இதைத்தான். வாயைத் திறக்க விட்டால்தானே!

மேசையைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டார். திரும்பி வந்த பெண்மணியிடம், "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை எடுத்தவர் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

பெட்டி திறந்திருந்தது. கல் ஒரு பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் பழைய துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை. கல்லின் மேல் துரை நான்கு காலையும் பரப்பி, அப்பளமாகத் தட்டையாகிப் படுத்திருந்தது. மூக்கு நுனியில் முட்டை மஞ்சள். கிண்ணம் காலி.

சமையலறையிலிருந்து கெட்டிலோடு வந்த மகள் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"எத்தனை நாளா இது?"

"புதன்கிழமையிலேர்ந்து. ஸ்கூல் விட்டு வந்ததும் வைப்பேன். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்." குரல் தேய்ந்தது. "இன்னிக்குத்தான் சாப்பிட்டுது. முழு முட்டை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அப்பவே போன் பண்ணிட்டேன்."

அவர் சட்டைப் பையிலும் ஒரு போன் இருந்தது. அதில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "கல்லு சூடாவே இல்லைன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும்பா. சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க அப்படி இல்லைன்னு நிரூபிச்சு முடிக்கறதுக்குள்ள துரை செத்துப் போயிடும்னு பயமா இருந்துது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. துரை மேல் பன்னிரண்டு நாளாக வந்துகொண்டிருந்த எரிச்சல் மொத்தமும் இப்போது போக இடமில்லாமல் அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது.

தரையில் மண்டியிட்டு, கல்லுக்கு அடியிலிருந்த வெந்நீர்ப் பையை உருவினார். சென்சாரின் வயரைப் பிடுங்கினார். பல்பைக் கழற்றிக் கல்லுக்கு அருகில் இறக்கி மாட்டி எரியவிட்டார். கல் சூடேற இருவரும் பத்து நிமிடம் காத்திருந்தார்கள்.

"நீ கை வச்சுப் பாரு. போதுமா?"

அவள் துரையைத் தொடாமல் கல்லின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "பத்தாதுப்பா. இன்னும் கொஞ்சம் கீழ."

இறக்கினார். மறுபடி காத்திருந்தார்கள்.

"இன்னும்."

இது அதிகம் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு இன்னும் ஒரு விரற்கடை இறக்கினார். அவள் கையை வைத்து, கொஞ்ச நேரம் விட்டு எடுத்து, "இப்ப சரி" என்றாள்.

அவர் ஸ்க்ரூவை முடுக்கினார். மீட்டரை எடுக்கத் துடித்த கையை அடக்கி வைப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.