அடித்து எழுதிய விடை

...இதிலும் மைனஸ் ஆறு, முப்பத்தேழு தாளிலும் அதே மைனஸ் ஆறு, காப்பி அடிப்பதற்கும் ஒரு கூச்சம் வேண்டாமா, கணக்கு என்னவோ சுண்டைக்காய்க் கணக்கு, 5x-இல் இருந்து x−6-ஐக் கழிக்க வேண்டும், கீழே இரண்டுக்கும் x+2, பொதுப் பகுதி தேடி அலைய வேண்டாம், மேலே இருப்பதைக் கழித்தால் போதும், அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி நின்றால் உள்ளே இருக்கும் −6 வெளியே +6 ஆகும், 4x+6, முடிந்தது... ஒருத்தர்கூடவா மாற்றவில்லை? தேர்வறையில் இருந்தது ஓவிய மாஸ்டர், உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும் அவருக்கு, அதனால்தான் காலையிலேயே தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன், மாஸ்டர் தூங்கினார், வகுப்பே காப்பி அடித்தது என்று. “மத்தியானம் மாஸ்டருக்கு மெமோ குடுத்துடறேன் டீச்சர்” என்றார் தலைமையாசிரியை, மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கடைசித் தாள், நான் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவேனே, அந்தப் பெண்ணுடையது, இவளும் மைனஸ் ஆறுதான், ஆனால் மேலே ஒரு வரியை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாள், கோட்டுக்கு அடியில் 4x+6 பளிச்சென்று தெரிகிறது, சரியாகப் போட்டுவிட்டு ஏன் அடித்தாள்... ஓரத்தில் பென்சிலால் பொடியாக, ‘டீச்சர் போர்டுல போட்ட மாதிரி’. என் போர்டிலா? நோட்டுக் கட்டிலிருந்து அவள் நோட்டை உருவினேன், செவ்வாய்க்கிழமை, 7x−(x−4), விடை 6x−4, அதற்குக் கீழே என் சிவப்பு டிக். அன்றைக்கு எனக்குத் தலைவலி... இல்லை, தலைவலியெல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன்.

எதிர் மேஜையில் மாஸ்டர் டிபன் டப்பாவைத் திறக்கிறார். “சாப்பிடலையா டீச்சர்? முகமே சரியில்லையே.” எனக்கு வெட்கமாக இருக்கிறது, இவர் தூங்கினாரோ இல்லையோ, யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், தலைமையாசிரியை அறை பத்தடி, மெமோ போவதற்குள் எழுந்து போய்த் தப்பு என்னுது மேடம் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிடுவேன், அது வாயில் வந்துவிடும், ஆனால் செவ்வாய்க்கிழமை... அந்தப் பெண் கை தூக்கினாள், ஆமாம், தூக்கினாள், நான் திரும்பிப் பார்த்து, “கையைக் கீழ போடு, முதல்ல போர்டுல இருக்கறத எழுது” என்றேன், அவள் எழுதினாள்.