சுலோசனாவின் பின்னால் வந்த கத்திகள்

மகள் பிறந்த மாதத்திலிருந்து, லேக் கார்டன்ஸில் சுலோசனா எங்கே போனாலும் கத்திகள் தோளுயரத்தில் மிதந்தபடி அவள் பின்னால் வந்தன. அவை யாரையும் கீறியதில்லை. கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணியின் மீன் அரியும் அரிவாள்மணைகூடக் காலையில் படியேறி வந்துவிடும். அவர் குளித்துவிட்டு வந்து எடுத்துப் போவார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த கணவன் ஜெயந்த், வீட்டுக் கத்திகளை டாலிகஞ்ச் சந்தையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவனுக்கு முன்பே அவை வீட்டுக்கு வந்திருந்தன.

குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் 'குத்திவிடுவேனோ' என்றொரு எண்ணம் சுலோசனாவுக்குள் பாயும். மகள்மேல் உயிரையே வைத்திருந்தவள் அதனாலேயே நடுங்கினாள். முதலில் அடுக்களைக்குள் போவதை விட்டாள், பிறகு பால் கொடுப்பதை, கடைசியில் தொட்டில் இருந்த அறையையே. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏங்க, நான் பாப்பாவை ஒண்ணும் பண்ணிர மாட்டேன்ல?"

"மாட்டே," என்பான் ஜெயந்த். அந்தச் சொல் ஒரு காபி ஆறும்வரை தாங்கும். மறுபடி கேட்பாள். அவன் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் எங்கிருந்தோ இன்னொரு கத்தி ஜன்னல் வழியே வந்து சேரும். மழைக்காலம் முடிவதற்குள் கூடத்தில் மின்விசிறி போட இடமில்லாமல் போயிற்று.

குழந்தையை மதுரைக்கு அனுப்பிவிடச் சொன்னார் மாமியார். ஜெயந்த் டிக்கெட் எடுத்த அன்றுதான் சுலோசனா ஜாதவ்பூரில் மனநல மருத்துவர் சுப்ரியாவைப் பார்க்கப் போனாள். ஆட்டோவின் பின்னால் கத்திகள் பறந்தன. சுப்ரியா அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இது ஓ.சி.டி. என்றார். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும், விரட்ட விரட்டத்தான் அது பெருகும் என்றார். மாத்திரை எழுதினார். கத்தியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையை நெருங்கிப் பழக வேண்டும், கணவர் தைரியம் சொல்வதை நிறுத்த வேண்டும் என்றார்.

முதல் வாரம் அறை வாசலில் கத்தியோடு நின்றவளுக்கு வேர்த்துக் கொட்டியது; ஓடிவிட்டாள். மறுநாளும் நின்றாள். பூஜை விடுமுறை முடிந்து தொட்டிலருகே உட்கார்ந்த அன்று கேட்டாள்: "ஏங்க, ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஜெயந்த் பீன்ஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "தெரியல, சுலோ. நீ பீன்ஸை நறுக்கு."

அழுதுகொண்டே நறுக்கினாள். நடுக்கம் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது, பீன்ஸ் தீர்வதற்குள் தானாக இறங்கியது. ஜெயந்த் டிக்கெட்டை ரத்து செய்தான்.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டிய நாளில் விருந்தினர் தலையைக் குனிந்தபடி கூடத்துக்குள் வந்தார்கள். பழம் நறுக்கக் கத்தி வேண்டுமென்று யாரோ கேட்டார்கள். சுலோசனா மகளை இடுப்பிலிருந்து இறக்காமலே காற்றில் கை நீட்டி, கூரானதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.